பதில் சொல்ல வந்த பிள்ளைகளுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் திண்ணையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர் எங்கள் சபை வாலிபர் சங்கம். ஐந்தாவது ஆள் மேலப்பாளையத்து முஸ்லிம் தம்பி. இவர்களோடு கல்லூரியில் படித்தவன். ராத்திரி முழுக்க இவர்களோடு இணையத்தில் மல்லுக்கட்டிவிட்டு, காலையில் இவர்கள் பைக்கிலேயே ஏறி வருகிறவன். கையில் புதிதாக வாங்கிய டிரைபாடு. யூடியூப் சேனல் தொடங்கப்போகிறார்களாம், வேதத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல. அவனும் அவன் பக்கத்துக்கு ஒன்று தொடங்கப்போகிறானாம். பாளையங்கோட்டையில் ஒரு வாத்தியார் இதே வேலையை அச்சில் ரொம்ப நாள் செய்தார் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "எங்கேயிருந்து ஐயா ஆரம்பிக்கணும்?" என்றார்கள். பணத்திலிருந்து என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்குக் கோர்வையில்லாமல் சொன்னதைத்தான் இப்போது எண் போட்டு எழுதித் தருகிறேன்.

1. காசு உங்கள் பதிலை மாற்றாது. மாற்றினால் உங்களுக்கே உறுத்தும், நிறுத்திவிடுவீர்கள். காசு மாற்றுவது கேள்வியை. எதை எடுப்பது, எதை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்குவது என்பதை அது முடிவு செய்யும். அது உறுத்தவே உறுத்தாது.

நான் 1983இல் பத்திரிகை தொடங்கினேன். மாதம் ஒன்று, 16 பக்கம், ஆண்டுச் சந்தா 6 ரூபாய். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ராத்திரி பத்திரிகை ஆசிரியர். சந்தாவும் காணிக்கையும் மணியார்டரில் வரும். மணியார்டர் பாரத்தில் அப்போது ஒரு துண்டு இருந்தது. அனுப்புகிறவர் அதில் இரண்டு வரி எழுதலாம், தபால்காரர் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். நீங்கள் செல்போனில் கோடு கோடாகப் பார்க்கிறீர்களே, எத்தனை பேர் பார்த்தார்கள், எங்கே விட்டுப் போனார்கள் என்று, எனக்கு அந்தத் துண்டுதான் அது. யோபுவைப் பற்றி எழுதிய மாதம் நாலைந்து துண்டு வரும், "பிரயோஜனமாயிருந்தது" என்று. எதிர்த்தரப்புப் பத்திரிகை ஒன்றைக் கிழித்து எழுதிய மாதம் முப்பது நாற்பது வரும், "சரியான சாட்டையடி", "விடாதீங்க ஐயா" என்று. துண்டோடு 10 ரூபாயும் 25 ரூபாயும்.

நான்கு வருஷம் கழித்து இதழ்களை பைண்டு செய்யக் கொடுக்கும்போது பொருளடக்கத்தை வரிசையாகப் பார்த்தேன். முதல் வருஷத்தில் 12 இதழில் 9 இதழ் வாசகர்கள் கேட்ட கேள்விகள். மத்தேயுவிலும் லூக்காவிலும் இயேசுவின் வம்சவரலாறு ஏன் வேறு வேறாக இருக்கிறது, ஜெபம் ஏன் கேட்கப்படுவதில்லை, இப்படி. நான்காம் வருஷத்தில் 12க்கு 10 அந்த ஒரே பத்திரிகைக்கு மறுப்பு. அந்தப் பத்து இதழில் ஒரு வரி பொய் கிடையாது, இன்றைக்கும் நின்று பேசுவேன். ஆனால் அந்த வருஷம் முழுக்க என் மேஜை இழுப்பறையில் ஒரு கடிதம் கிடந்தது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியது. தீப்பெட்டி ஆபீஸ் வேன் கவிழ்ந்து மகள் போய்விட்டாள், ஜெபம் பண்ணித்தான் ஏற்றி அனுப்பினேன், இனி யாரிடம் என்ன கேட்பது என்று இன்லேண்ட் லெட்டரில் பென்சிலால் எழுதியிருந்தார். அடுத்த இதழில், அடுத்த இதழில் என்று பதினான்கு மாதம் தள்ளினேன்.

2. எட்டு நிமிடக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். யூடியூபில் 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை சேர்ந்தால் விளம்பர வருமானத்துக்கு வாசல் திறக்கும் என்று நீங்களே எனக்குச் சொன்னீர்கள். வீடியோவோடு வரும் விளம்பரப் பணத்தில் நூற்றுக்கு 55 உங்களுக்கு, 45 கம்பெனிக்கு. நியாயமான பங்குதான், எங்கள் அச்சகத்தார் அவ்வளவுகூட விட்டுவைத்ததில்லை. ஆனால் வீடியோவின் நடுவில் விளம்பரம் வைக்க வேண்டுமென்றால் அது 8 நிமிடமாவது ஓட வேண்டும். 2020 ஜூலைக்கு முன்னால் 10 நிமிடம்.

இப்போது பாருங்கள். காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள் என்பது ஒன்றரை நிமிடக் கேள்வி. ஆதாமுக்கு வேறு குமாரரும் குமாரத்திகளும் இருந்தார்கள் என்று ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அதை இழுத்து எட்டு நிமிடம் ஆறு நொடி ஆக்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனம் பழைய பிரதிகள் சிலவற்றில் இல்லையே என்பது இரண்டு மணி நேரக் கேள்வி. சினாய் பிரதி, வத்திக்கான் பிரதி என்று தொடங்க வேண்டும். பாதியில் ஆள் எழுந்து போய்விடுவான் என்று அதையும் எட்டு நிமிடத்தில் அடைத்து, "இதெல்லாம் பழைய குற்றச்சாட்டு, எப்போதோ பதில் சொல்லியாயிற்று" என்று முடித்துவிடுவார்கள். சின்னக் கேள்வி ஊதிப்போகிறது, பெரிய கேள்வி சூம்பிப்போகிறது. யாரும் லஞ்சம் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவில்லை.

3. நேரலையில் சூப்பர் சாட் வைப்பதாக இருந்தால், கலர் பெட்டியில் வருவதை முதலில் படிக்காதீர்கள். காசு கட்டாதவன் கேள்வியில் தொடங்குங்கள். காசு கட்டி வருகிறதில் பாதி கேள்வியே கிடையாது, கைதட்டல்.

4. "கதறவிட்ட", "தெறித்து ஓடிய", "செருப்படி" என்றெல்லாம் தம்ப்நெயிலில் போடுகிறவன், தான் யாரோடு பேசினானோ அந்த ஆளை இனி ஒருபோதும் சந்திக்கப்போவதில்லை என்று தீர்மானித்துவிட்டவன். நீங்கள் ஒரே பைக்கில் வருகிறீர்கள்.

5. பணம் கொடுக்கிறவர் தூரத்தில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இதற்கு டெக்சாஸ் வரை போக வேண்டாம், தரங்கம்பாடி போதும். 1706 ஜூலையில் மிஷனரி சீகன்பால்கு அங்கே கரையிறங்கினார். அனுப்பியவர் டென்மார்க் அரசர். வந்த ஆள் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர். அச்சுப்பொறியும் காகிதமும் வந்ததில் லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவ சங்கத்தாருக்குப் பெரும்பங்கு. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இதெல்லாம் சண்டே ஸ்கூலில் படித்திருப்பீர்கள்.

படித்திராதது ஒன்று உண்டு. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை ஹாலேயில் அந்த இயக்கத்தின் தலைவர் பிராங்கே திருத்தி, வெட்டி, தொகுத்து 1710 முதல் அறிக்கையாக அச்சிட்டார். அதை வாசித்தவர்கள்தான் காணிக்கை அனுப்பியவர்கள். சீகன்பால்கோ இங்கே வந்து தமிழ் படித்து, ஊராரிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வம்சாவளி என்று ஒரு பெரிய நூலை எழுதி அனுப்பினார். ஐயனார், மாரியம்மன் எல்லோரும் அதில் உண்டு. பிராங்கே அச்சிடவில்லை. புறமதத்தை வேரறுக்க அனுப்பினோமே தவிர அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்கிற தோரணையில் பதில் போயிற்று. கையெழுத்துப் பிரதி கிடப்பில் கிடந்தது. 1867இல் ஜெர்மான் என்பவர் சென்னையில் அதை அச்சிட்டார். 154 வருஷம்.

பிராங்கே கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் கட்டி நடத்தினவர். தமிழர்கள் கைப்பட எழுதிய கடிதங்கள் 99ஐ அதே ஹாலே அறிக்கைகளில் மொழிபெயர்த்துப் போட்டதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களைப் பற்றி எங்கள் ஆட்களே ஐரோப்பாவுக்குப் பேசிய இடம் அது. ஆனாலும் காணிக்கை அனுப்புகிற குடும்பம் எதை வாசிக்க விரும்பும் என்று அவர் மனதில் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. இருட்டில் கிடக்கிற ஜனம் என்றால் பர்ஸ் திறக்கும். நம்மைப்போல யோசிக்கிற ஜனம் என்றால் எதற்கு அனுப்ப வேண்டும் என்ற கேள்வி வரும்.

இன்றைக்கு டல்லாஸ், தோஹா, நியூஜெர்சி என்று மதத்துக்கு ஓர் ஊர் இருக்கிறது. அங்கே குளிரிலோ வெயிலிலோ தனியாகக் கிடக்கிற நம்மாள், ஊரில் தன் மதத்தை யாரோ அழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பயந்துபோய்ப் பணம் அனுப்புகிறார். பயம் அடங்கினால் பணமும் நின்றுவிடும். அதனால் பயத்தை அடங்கவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை உங்கள் தலையில் வந்து விழும். பக்கத்துத் தெருக்காரன் மாதாமாதம் இன்னும் கொஞ்சம் கறுப்பாக வேண்டியிருக்கும்.

6. எதிராளியைப் பார்த்து "காசு வாங்கிட்டுப் பேசுறான்" என்று சொல்லாதீர்கள்.

இதைச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. என் தாத்தாவின் அப்பா தாது வருஷப் பஞ்சத்தில் சபைக்கு வந்தவர். 1877. அந்தப் பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கான பேர் அப்படி வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் படிக்கும்போதும் எங்களை "கஞ்சிக்கு மாறினவனுங்க" என்பார்கள். அமெரிக்கக் கோதுமையும் பால்பவுடரும் வந்த காலத்தில் அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள். இளவட்டத்தில் எனக்கு ரத்தம் கொதிக்கும். எங்கள் பூட்டன் சத்தியத்தை ஆராய்ந்து வந்தார் என்று கட்டுக்கதை சொல்வேன். இப்போது சொல்வதில்லை. ஆமாம், கஞ்சிக்குத்தான் வந்தார். ஆறு பிள்ளைகளில் இரண்டைப் புதைத்துவிட்டு, மிச்சம் நாலைக் காப்பாற்ற வந்தார். கஞ்சி ஊற்றினவன் சொன்னதை உட்கார்ந்து கேட்டார். அவர் எதற்கு வந்தார் என்பது அவரைப் பற்றிய செய்தி. மூன்றாம் நாள் கல்லறை வெறுமையாக இருந்ததா என்பது வேறு செய்தி. முதலாவதை வைத்து இரண்டாவதைத் தீர்க்க முடியாது, நமக்குச் சாதகமாகவும் முடியாது.

அப்படியானால் நோக்கத்தைக் கேட்கவே கூடாதா என்று அந்த மேலப்பாளையத்துத் தம்பி மடக்கினான். நல்ல கேள்வி. ஒருவன் வாதம் வைத்தால் வாதத்தைப் பாருங்கள். அவன் பிச்சைக்காரனோ கோடீஸ்வரனோ, இரண்டும் இரண்டும் நாலுதான். ஆனால் ஒருவன் "நான் கண்ணால் பார்த்தேன், என்னை நம்பு" என்று சாட்சி சொன்னால், அங்கே நீங்கள் நம்புவது ஆளை. அப்போது அந்த ஆளுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்பது தப்பில்லை. கோர்ட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

7. அதனால் "முன்னாள்" என்று போட்டு வருகிறவரை மேடையேற்றும்முன் நன்றாக விசாரியுங்கள். முன்னாள் மந்திரவாதி, முன்னாள் பூசாரி, முன்னாள் பாதிரியார், முன்னாள் தீவிரவாதி. எல்லாத் தரப்பிலும் சுவரொட்டியில் இந்தச் சொல்லுக்குத்தான் பெரிய எழுத்து. பத்தில் சிலர் உண்மையானவர்கள், அவர்கள் பாடு பெரும்பாடு. மற்றவர்கள் கதை ஒவ்வொரு கன்வென்ஷனுக்கும் ஒரு சாண் வளரும்.

லியோ டாக்ஸில் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். கத்தோலிக்கக் குருமாரைக் கேவலப்படுத்தும் மலிவுப் புத்தகம் எழுதி விற்றுப் பிழைத்தவர். அந்தச் சந்தை அலுத்ததோ என்னவோ, 1885இல் மனம் திரும்பிவிட்டேன் என்று அறிவித்தார். திருச்சபை கட்டிப்பிடித்துக்கொண்டது. உடனே பிரீமேசன் சங்கத்தார் ரகசியமாகச் சாத்தானை வணங்குகிறார்கள் என்று புத்தகம் மேல் புத்தகம் போட்டார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. 1887இல் போப் பதின்மூன்றாம் லியோவே அவருக்குத் தரிசனம் கொடுத்தார். பிறகு, சாத்தான் கூட்டத்திலிருந்து தப்பி வந்த டயானா வாகன் என்ற பெண்ணின் நினைவுகள் என்று தொடர். லிசியே மடத்தில் காசநோயோடு கிடந்த தெரேசா, பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்டவர், அவரே அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1897 ஏப்ரல் 19ஆம் தேதி டயானாவை நேரில் காட்டுகிறேன் என்று பாரிஸில் புவியியல் சங்கத்தின் மண்டபத்துக்குப் பத்திரிகைக்காரர்களையும் குருமாரையும் டாக்ஸில் கூப்பிட்டார். மேடையேறி, அப்படி ஒரு பெண்ணே இல்லை, பன்னிரண்டு வருஷமும் உங்களை வைத்து வேடிக்கை பார்த்தேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஏமாந்தவர்கள் முட்டாள்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்க ஆசைப்பட்டதைத்தான் கேட்டார்கள். அமெரிக்காவில் மைக் வார்ன்கி 1972இல் தான் சாத்தான் பூசாரியாக இருந்த கதையைப் புத்தகமாக்கி இருபது வருஷம் மேடை மேடையாகச் சொன்னார். 1992இல் அதைப் புட்டுப்புட்டு வைத்தது கார்னர்ஸ்டோன் என்ற சிகாகோக் கிறிஸ்தவப் பத்திரிகை. நம் வீட்டுக் குப்பையை நாமே அள்ளினால்தான் உண்டு. எந்த ஊர், எந்த வருஷம், கூட இருந்தது யார் என்று மூன்று கேளுங்கள். உண்மைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

8. கைத்தொழிலை விடாதீர்கள். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் பண்ணினார் என்பது எல்லோருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது அடுத்த பாதி. அவர் யாரிடமும் வாங்காதவர் அல்ல. மக்கெதோனியாக்காரர் கொடுத்ததை வாங்கினார், பிலிப்பி சபைக்கு நன்றி சொல்லியே நிருபம் எழுதினார். ஆனால் கொரிந்தியரிடம் வாங்கவில்லை. வாதாடினது அங்கேதான், அவரைப் பற்றிக் குறை பேசினதும் அங்கேதான். யார் முன்னால் நின்று வழக்குப் பேசுகிறோமோ அவர்கள் கையில் நம் சாப்பாடு இருக்கக்கூடாது என்று அந்த மனுஷன் கண்டுவைத்திருந்தார்.

எங்களுக்கு எதிராளி ஒருவரையும் சொல்கிறேன். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்தவர். 1848இல் அந்த வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த வருஷம் சென்னைக்குப் போய் அச்சுப்பொறி வாங்கி வந்தார். 1854இல் சைவ தூஷண பரிகாரம் எழுதி எங்கள் ஆட்களை வேதாகமத்தை வைத்தே மடக்கினார். படித்தால் நமக்கு எரியும், படிக்கத்தான் வேண்டும். மிஷன் சம்பளம் வேண்டாம் என்று எழுந்து போய் எழுதின எழுத்து அது. எனக்குப் பென்ஷன் வருகிறது, அதனால் இதையெல்லாம் எளிதாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1983இல் பென்ஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள்.

9. சட்டமும் கணக்கும். வீடியோவின் அடியில் ஜிபே எண்ணைப் போடும்முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். மத வேலைக்கு வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும், 2010ஆம் வருஷச் சட்டம். 2020இல் திருத்திய பிறகு அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். டொரண்டோவில் இருக்கிற ஒரு அன்பர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்து தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வெளிநாட்டுப் பணம் ஆகாது. அவரே கனடாக் குடிமகன் ஆகிவிட்டால் ஆகும். சொந்த ஊர் நம் பக்கத்து நாசரேத்தாக இருந்தாலும் ஆகும். "தெரியாது சார்" என்று பிறகு போய் நிற்காதீர்கள்.

டிரஸ்ட் வைத்தால், தலைவர் நான், பொருளாளர் மனைவி, செயலாளர் மச்சான் என்று வைக்காதீர்கள். நம் பக்கத்தில் பாதி டிரஸ்ட் பத்திரம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. உங்களிடம் "இந்த 4,000 ரூபாய் எதற்கு?" என்று கேட்கக்கூடிய, கேட்டுவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கக்கூடிய ஒருத்தர் உள்ளே இருக்க வேண்டும்.

ரவி சக்கரியாஸ் பெயர் உங்களுக்குத் தெரியும். 1946இல் சென்னையில் பிறந்தவர், இந்த வேலையில் உலகத்திலேயே பெரிய பெயர். அவர் பேச்சைக் கேட்டு நானும் குறிப்பெடுத்திருக்கிறேன், நோட்டு இன்னும் இருக்கிறது. 2020 மே மாதம் இறந்தார். 2017இலேயே ஒரு பெண் அவர்மேல் புகார் சொன்னபோது அவர் நடத்திய அமைப்பு அவர் பக்கமே நின்றது. 2021 பிப்ரவரியில், அந்த அமைப்பே அமர்த்திய வக்கீல்களின் அறிக்கை வெளியானது. மசாஜ் செய்ய வந்த பெண்களிடம் பல வருஷம் அவர் நடந்துகொண்ட முறை அதில் இருந்தது. தர்ம காரியத்துக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து அனுப்பிய பணத்தில் கணிசமான பங்கு, அவருக்கு மசாஜ் செய்தவர்களில் நான்கு பெண்களுக்குப் போயிருந்ததும் இருந்தது. நிர்வாகக் குழுவில் யார் யார் என்பதையே அமைப்பு வெளியே சொல்லாமல் வைத்திருந்தது. 2017இல் புகார் சொன்ன பெண்ணிடம் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். ரவி சக்கரியாஸ் சொன்ன வாதங்கள் எல்லாம் பொய்யாகிவிட்டனவா என்று வாலிபர்கள் என்னிடம் அழுதுகொண்டு கேட்டார்கள். ஆறாவது எண்ணில் சொன்னதுதான் பதில், வாதம் வாதமாகவே நிற்கும் அல்லது விழும். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

10. காசு இல்லாவிட்டால் நோக்கம் சுத்தம் என்று நினைக்காதீர்கள். ஒரு கன்வென்ஷனில் எனக்கு அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டு, மேடையில் பத்து நிமிடமாகக் குறைத்து, அதையும் அறிவிப்புகளுக்கு நடுவில் கொடுத்தார்கள். அடுத்த ஆறு மாதம் அந்தக் கன்வென்ஷன் பிரசங்கியாரின் உபதேசப் பிழைகளை விளக்கி எழுதினேன். பிழைகள் உண்மையானவைதான். பத்து நிமிடம் முப்பது நிமிடமாக இருந்திருந்தால் என் கண்ணுக்கு அவை பட்டிருக்காது.

11. வீடியோவை ஏற்றும்முன் எதிராளியிடம் ஒருதரம் காட்டுங்கள். அவர்கள் வேதத்திலிருந்து நீங்கள் எடுத்த வசனத்தை அவர்கள் ஆளே வாசித்துப் பார்க்கட்டும். "முன்னாடி பின்னாடி இரண்டு வசனத்தையும் சேர்த்துச் சொல்லு" என்று அவன் சொன்னால் சேருங்கள். வாதம் கொஞ்சம் இளைக்கும், பரவாயில்லை. உங்களுக்கு ஒரு மேலப்பாளையத்துத் தம்பி இருக்கிறான், அவனுக்கு நீங்கள் நாலு பேர் இருக்கிறீர்கள். என் காலத்தில் எனக்கு அப்படி ஒருத்தரும் வாய்க்கவில்லை, வெட்டி ஒட்டின வசனங்களோடு இரண்டு இதழ் போயிருக்கிறது. திருத்தத்தைக் கடைசிப் பக்கத்தில் சந்தா விவரத்துக்குக் கீழே நாலு வரியில் போட்டேன். தப்பு எட்டுப் பக்கம்.

12. ராத்திரி இரண்டு மணிக்கு உள்பெட்டியில் ஒருத்தர் எழுதுவார். அவருக்குச் சந்தாதாரர் ஆகிற எண்ணமும் இருக்காது, உங்கள் பதிலை வீடியோவாகவும் போட முடியாது. அவருக்கு எழுதிவிட்டுப் பிறகு எடிட்டிங்குக்குப் போங்கள்.

அந்தக் கோவில்பட்டி அம்மாவுக்குப் பதினான்கு மாதம் கழித்து மூன்று பக்கம் பதில் எழுதினேன். தபாலில் போட மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. திருப்பூருக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். யாரிடமும் விலாசம் இல்லை. கையில் இருந்த மூன்று பக்கத்தைத் திரும்பி வருகிற பஸ்ஸில் படித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு பத்தி அந்த எதிர்த்தரப்புப் பத்திரிகையைப் பற்றி இருந்தது.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. மேலப்பாளையத்துத் தம்பிதான் டிரைபாடின் காலை நிமிர்த்திக்கொண்டே கேட்டான்:

"ஐயா, இதையே ஒரு வீடியோவா எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோ. ஏழே முக்கால் நிமிஷத்துக்குள்ள முடிச்சிரு" என்றேன்.